கொடைக்கானலில் வாடகை வீடு எடுப்பவர்களுக்கு: பணத்தை எப்போது, எந்த வழியில் கொடுப்பது

மே மாதத்தில் கொடைக்கானலுக்குப் போகும் எட்டுப் பேர் கொண்ட குடும்பம், விடுதியில் மூன்று அறை எடுப்பதைவிடச் சமையலறையோடு கூடிய தனி வீடு ஒன்றை மூன்று இரவுக்கு எடுத்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்வது இப்போது சகஜமாகிவிட்டது. பாட்டிக்குக் கஞ்சி வைக்கலாம், பிள்ளைகள் முற்றத்தில் ஓடியாடலாம், செலவும் கொஞ்சம் குறையும். ஆனால் விடுதிக்குப் பெயர்ப்பலகையும் வரவேற்பு மேசையும் ரசீதுப் புத்தகமும் இருக்கும். வாடகை வீட்டுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரு கைப்பேசி எண்ணும் பத்துப் புகைப்படங்களும்தான். அந்த எண்ணை நம்பி ஊரிலிருந்தே பணம் அனுப்ப வேண்டியிருப்பதால், முதன்முறை வீடு எடுப்பவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எந்த வழியில் பணம் கட்டுவது என்று யோசிக்கும்போது, எது சுலபம், எதில் கேஷ்பேக் கிடைக்கும் என்று பார்ப்பதைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: பணம் கட்டிய நாளுக்கும் சாவி கைக்கு வரும் நாளுக்கும் நடுவே அந்தப் பணம் யார் கையில் இருக்கும்? உரிமையாளர் கையிலா, இடையில் நிற்கும் இணையதளத்தின் கையிலா, வங்கியின் கையிலா, உங்கள் கையிலேயேவா என்பதைப் பொறுத்துத்தான், ஏதேனும் பிசகினால் அது திரும்பி வருமா என்பது தீர்மானமாகிறது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கேள்வியை ஒட்டியே போகிறது.

முதல் படி: ஒரு ரூபாய்கூட அனுப்புவதற்கு முன்

தொலைபேசியில் பேசி முடித்த தொகையை நம்பி இருந்துவிடாமல், பேசியது அத்தனையையும் வாட்ஸ்அப்பில் நீங்களே எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். உரிமையாளர்கள் எழுதுவதற்குச் சோம்பல்படுவார்கள். எழுதியதைப் படித்துச் சரி சொல்வதற்கு யாரும் மறுப்பதில்லை. மறுப்பவரிடம் வீடு எடுக்க வேண்டியதும் இல்லை. உதாரணமாக இப்படி எழுதலாம்:

“வணக்கம் சார். மே 14 மதியம் 12 மணி முதல் மே 17 காலை 11 மணி வரை மூன்று இரவு. பெரியவர்கள் ஆறு பேர், குழந்தைகள் இரண்டு பேர். ஓர் இரவுக்கு ரூ.6,000 வீதம் ரூ.18,000. கூடுதல் மெத்தை, கேஸ், சுத்தம் செய்யும் கட்டணம் எல்லாம் இதில் அடக்கம். விறகுக்குத் தனியாக ரூ.400. காஷன் டெபாசிட் ரூ.3,000, கிளம்பும்போது திருப்பித் தருவீர்கள். அட்வான்ஸ் ரூ.6,000, மீதி வீட்டைப் பார்த்த பிறகு. மே 7-க்கு முன் ரத்து செய்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும். சரிதானா?”

இதில் ரத்து பற்றிய வரியைக் கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் செல்ல இ-பாஸ் வேண்டியிருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியாயிற்று, வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை என்றால் என்ன செய்வது என்பதை அப்போது பேசிப் பயனில்லை. “இ-பாஸ் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்பும், அல்லது வேறு தேதிக்கு மாற்றித் தரப்படும்” என்று அதே செய்தியில் ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.

புகைப்படங்களைப் பொறுத்தவரை, வேறு யாருடைய வீட்டுப் படத்தையோ போட்டு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு காணாமல் போவதுதான் இந்தத் துறையில் வழக்கமான மோசடி. ஆகவே வீடியோ அழைப்பில் வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். வரவேற்பறையைக் காட்டினால் போதாது. வாசல் கதவில் தொடங்கி, சமையலறைக் குழாயைத் திறந்து, வெளியே வந்து தெருவையும் காட்டச் சொல்லுங்கள். உண்மையான உரிமையாளர் சலித்துக்கொண்டாவது காட்டுவார். “இப்போது விருந்தாளிகள் இருக்கிறார்கள், அப்புறம் காட்டுகிறேன், ஆனால் இன்றைக்கே அட்வான்ஸ் போடாவிட்டால் வேறு பார்ட்டிக்குப் போய்விடும்” என்று ஒருவர் சொன்னால், அந்த வேறு பார்ட்டிக்கே போகட்டும் என்று விட்டுவிடலாம்.

ஜிஎஸ்டி என்று தனியாக ஒரு தொகை கேட்கப்பட்டால், 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைக் கேட்டு வாங்கி, அரசு ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33 என்று தொடங்கும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள தங்குமிடத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம் என்பது விதி. பதிவு எண்ணே இல்லாதவர் வாடகைக்கு மேல் ஜிஎஸ்டி என்று சொல்லி வசூலிக்க உரிமை கிடையாது.

இரண்டாம் படி: இணையதளம் வழியாகவா, நேரடியாகவா

ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் வீடு எடுத்தால், நீங்கள் கட்டும் பணம் உடனே உரிமையாளருக்குப் போய்ச் சேருவதில்லை. நீங்கள் உள்ளே நுழைய வேண்டிய நேரம் கழிந்து ஏறக்குறைய 24 மணி நேரத்துக்குப் பிறகே அந்தத் தளம் அதை உரிமையாளருக்கு விடுவிக்கிறது. இதுதான் நீங்கள் கொடுக்கும் சேவைக் கட்டணத்தின் பயன். போய்ப் பார்க்கையில் வீடு பூட்டிக் கிடந்தாலோ, சொன்னது ஒன்றும் இருப்பது ஒன்றுமாக இருந்தாலோ, தெரிந்த 72 மணி நேரத்துக்குள் படங்களோடு புகார் செய்ய வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு நிதானமாக எழுதலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும்.

புக்கிங் டாட் காம் போன்றவற்றில் பல வீடுகளுக்குப் பணத்தை அங்கே போய்க் கட்டும் வசதி உண்டு. பணம் உங்கள் கையிலேயே இருப்பதால் அதைவிடப் பத்திரம் வேறில்லை. ஆனால் அட்டை எண்ணை உத்தரவாதமாகக் கேட்பார்கள். இலவசமாக ரத்து செய்யக் குறித்த தேதி தாண்டிவிட்டால், போகாமலே இருந்தாலும் அந்த அட்டையில் பிடித்தம் நடக்கலாம். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

தளத்தில் வீட்டைப் பார்த்துவிட்டு, கட்டணத்தை மிச்சம் பிடிக்க உரிமையாளரைத் தனியே அழைத்து ஜிபேயில் அனுப்புவது நம்மவர்கள் பலரும் செய்வதுதான். அதில் கிடைக்கும் லாபம் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய். போவது தளத்தின் பாதுகாப்பு முழுவதும். தளத்துக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு அந்தத் தளம் பொறுப்பேற்காது. அதுபோல, “உங்கள் முன்பதிவு ரத்தாகப் போகிறது, இந்த இணைப்பில் அட்டை விவரத்தை மறுபடியும் போடுங்கள்” என்று செய்தி வந்தால், அது தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே வந்திருந்தாலும் நம்ப வேண்டாம். உரிமையாளரின் கணக்கை யாரேனும் கைப்பற்றியும் அப்படி அனுப்புவதுண்டு.

மூன்றாம் படி: நேரடியாக எடுத்தால், யூபிஐ

வட்டக்கானல், வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் என்று எந்தப் பக்கம் வீடு எடுத்தாலும், நேரடியாகப் பேசினால் உரிமையாளர் முதலில் சொல்வது “ஜிபே பண்ணிடுங்க சார்” என்பதுதான். யூபிஐயில் அனுப்பும் பணம் நொடிகளில் அவர் கணக்கில் சேர்ந்துவிடும். உங்களுக்குக் கட்டணமும் இல்லை. அதன் பலவீனமும் இதே வேகத்தில்தான் இருக்கிறது. அனுப்பிய பிறகு பணம் முழுக்க அவர் கையில். அவராகத் திருப்பித் தந்தால்தான் உண்டு.

எனவே ரகசிய எண்ணை (பின் நம்பரை) போடுவதற்கு முன் திரையில் தெரியும் பெயரைப் படியுங்கள். 2025 ஜூன் 30 முதல் யூபிஐ செயலிகள், பெறுபவர் தாமே வைத்துக்கொண்ட பட்டப்பெயரைக் காட்டாமல், வங்கிப் பதிவில் உள்ள பெயரையே காட்ட வேண்டும் என்பது தேசிய பண கொடுப்பனவு கழகத்தின் விதி. வீட்டுக்காரர் சொன்ன பெயரும் திரையில் தெரியும் பெயரும் ஒன்றாக இல்லை என்றால், ஏன் என்று கேளுங்கள். “மனைவி கணக்கு”, “மேனேஜர் கணக்கு” என்று பதில் வரலாம்; அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் உரிமையாளரே தம் எண்ணிலிருந்து, “இன்னாருடைய கணக்கில் அனுப்புங்கள், நான் பொறுப்பு” என்று எழுதி அனுப்பட்டும்.

இதை வலியுறுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குக் காவல்காரரிடம் பேசி, அவர் சொன்ன எண்ணுக்கே அட்வான்ஸ் அனுப்பினோம். இரவு ஏழு மணிக்கு, ஐந்தடி தூரம்கூடத் தெரியாத மூடுபனியில் போய் நின்றபோது, உள்ளே வேறொரு குடும்பம் சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தது. காவல்காரர் எங்கோ போயிருந்தார். உரிமையாளரைப் பிடித்துப் பேசினால், “அட்வான்ஸ் எனக்கு வரவே இல்லையே சார்” என்றார். வாசல் விளக்கின் கீழே காவல்காரரின் நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். எங்கள் தேதிக்கு நேரே பெயர் இல்லை, என் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் பென்சிலில் எழுதி அடித்திருந்தது. எங்களைக் காப்பாற்றியது, அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் “மே 9, 10 வீட்டு அட்வான்ஸ்” என்று நான் எழுதியிருந்த ஒரு வரிதான். அது என் வங்கிக் கணக்குப் பட்டியலிலும் இருந்தது. அதைக் காட்டியதும் உரிமையாளர் தம் சித்தப்பா வீட்டு மாடியைத் திறந்துவிட்டார். அன்று முதல் அந்தக் குறிப்பை எழுதாமல் நான் யாருக்கும் அட்வான்ஸ் அனுப்புவதில்லை.

குறிப்பு எழுதி அனுப்பிய பிறகு, 12 இலக்கப் பரிவர்த்தனை எண் தெரியும்படி திரையைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பி, “கிடைத்தது” என்ற பதிலையும் வாங்கிவிடுங்கள்.

யூபிஐயில் புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இன்னும் சில உண்டு. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. “அட்வான்ஸைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்று யாராவது சொன்னால், அது உங்கள் கணக்கிலிருந்து இன்னொரு முறை எடுப்பதற்கான வழி. தனிநபருக்கு அனுப்பும் தொகைக்குப் பொதுவாக ரூ.1 லட்சம் வரை உச்சவரம்பு. வங்கி அதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். பயணத்துக்கு முன்புதான் புதுக் கைப்பேசி வாங்கினீர்கள் என்றால், புதிதாகப் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்கு ரூ.5,000-க்கு மேல் போகாது என்பதை வாசலில் நின்று தெரிந்துகொள்ள வேண்டாம். ரூபே கடன் அட்டையை யூபிஐயில் இணைத்து வைத்திருப்பவர்கள், அது கடைகளுக்கான கியூஆரில் மட்டுமே செல்லும், உரிமையாளரின் சொந்தக் கணக்குக்குச் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான்காம் படி: வங்கி, அட்டை, ரொக்கம்

பெரிய குடும்பமாகப் போய் மொத்தத் தொகை லட்சத்தைத் தாண்டினால் வங்கி வழியே அனுப்பலாம். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு அனுப்ப வங்கிகளில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ், ஐஎம்பிஎஸ் என்று மூன்று முறைகள் உண்டு. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும், ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் விடுமுறை நாள் உட்பட எந்நேரமும் இயங்குகின்றன. நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தடவை தொகுப்பாகப் போகும், ஆர்டிஜிஎஸ் ரூ.2 லட்சத்துக்குக் குறைந்த தொகைக்குப் பயன்படாது, ஐஎம்பிஎஸ் ரூ.5 லட்சம் வரை உடனே போய்ச் சேரும். முன்பெல்லாம் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும், பெயரை யாரும் ஒப்பிடாததால், பணம் முன்பின் தெரியாதவர் கணக்கில் போய் விழுந்துவிடும். 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் அனுப்புவதற்கு முன்பே பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருப்பதால், அதைப் பயன்படுத்துங்கள். புதிய கணக்கைச் சேர்த்த முதல் நாளில் பல வங்கிகள் சிறு தொகையையே அனுமதிக்கும். ஆகவே கடைசி நாள் வரை இழுக்காதீர்கள்.

கடன் அட்டை வாங்கும் உரிமையாளர் என்றால், என்னைக் கேட்டால் அதுதான் வாடகைக்காரருக்குச் சாதகமான வழி. வீடு கிடைக்காமல் போனால் அட்டை தந்த வங்கியில், சேவை கிடைக்கவில்லை என்று ஆதாரங்களோடு முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முடிவு உங்களுக்குச் சாதகமாகவே வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனாலும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. டெபிட் அட்டையிலும் இப்படி முறையிடலாம் என்றாலும், அதற்குள் உங்கள் சொந்தப் பணம் கணக்கைவிட்டுப் போயிருக்கும். மலையில் தனி வீட்டுக்காரர்களிடம் அட்டை தேய்க்கும் இயந்திரம் இருப்பது அரிது. சிலர் பணம் கட்டுவதற்கான இணைப்பை அனுப்புவார்கள். அதில் தெரியும் நிறுவனப் பெயரைப் பார்த்து, அட்டைக்கென்று கூடுதலாக எவ்வளவு சதவீதம் பிடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

சிங்கப்பூர், அமீரகம், பிரிட்டன் முதலிய நாடுகளில் இருந்து ஊருக்கு வரும் நம்மவர்கள், வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் அந்நாட்டுக் கைப்பேசி எண்ணைக் கொண்டே யூபிஐ வைத்துக்கொள்ளலாம். இந்த வசதி 2023-இல் பத்து நாடுகளுக்கு அறிவிக்கப்பட்டது. வெளிநாட்டு அட்டையில் கட்டும்போது, “உங்கள் நாட்டு நாணயத்தில் கட்டுகிறீர்களா, ரூபாயிலா” என்று திரை கேட்டால் ரூபாயைத் தேர்ந்தெடுப்பதே பெரும்பாலும் மலிவு.

ரொக்கத்தை அட்வான்ஸாக யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். ஆனால் மீதியைக் கட்டுவதற்கு ரொக்கம் கைவசம் இருக்கட்டும். கூக்கால், மன்னவனூர் போன்ற உட்புறக் கிராமங்களில் சிக்னல் வரும், போகும்; யூபிஐ பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும்போது, மலையடிவாரத்தில் வத்தலக்குண்டிலோ கொடைக்கானல் நகரத்திலோ எடுத்து வந்த நோட்டுகள்தான் கைகொடுக்கும். யூபிஐ அப்படி நடுவில் நின்றால் உடனே மறுபடியும் அனுப்பாதீர்கள். கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரண்டு முறை போய்விட்டால் திரும்ப வாங்குவது உரிமையாளரின் நல்ல மனத்தைப் பொறுத்தது. ரொக்கம் கொடுத்தால் ரசீது கேளுங்கள். ரூ.5,000-க்கு மேற்பட்ட தொகைக்கான ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பது சட்டம். ஸ்டாம்ப் இல்லாவிட்டால், தொகையையும் தேதியையும் எழுதி “ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது வரட்டும்.

ஐந்தாம் படி: எவ்வளவு, எப்போது

சீசனில் பாதித் தொகையை அட்வான்ஸாகக் கேட்பது வழக்கம். பேசிப் பார்த்தால் ஓர் இரவு வாடகைக்கு இறங்கி வருபவர்களே அதிகம். நான் அதற்கு மேல் கொடுப்பதில்லை. முழுத் தொகையையும் முன்னதாகக் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி என்று ஆசை காட்டினால், அந்தத் தள்ளுபடியை உங்கள் பிடியை விட்டுக்கொடுப்பதற்கான விலையாகக் கணக்கிட்டுப் பாருங்கள்.

மீதியை, பெட்டிகளை இறக்குவதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கீசரில் வெந்நீர் வருகிறதா, கழிவறைகள் சொன்ன எண்ணிக்கையில் இருக்கின்றனவா, கம்பளிகள் போதுமா, ஓட்டுநர் படுக்க இடம் எங்கே என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். பணத்தைக் கொடுத்த பிறகு இதே கேள்விகளைக் கேட்டால், “பார்க்கலாம் சார்” என்பதோடு பதில் நின்றுவிடும்.

பணம் ஏமாந்து போயிற்று என்று தெரிந்தால்

வீடே இல்லை, எண்ணும் அணைந்திருக்கிறது என்று தெரிந்த அந்த நிமிடமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பரிவர்த்தனை எண், அனுப்பிய நேரம், தொகை, பெற்றவரின் யூபிஐ முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்கு முன் முடக்கிவிட்டால் மீட்க வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் ஒரு மணி நேரத்தில் அது கை மாறிவிடும். அடுத்து உங்கள் வங்கிக்கும், யூபிஐ செயலியின் புகார்ப் பகுதிக்கும் தெரிவியுங்கள். உங்கள் அனுமதியில்லாமல் வேறு யாரோ எடுத்த பணத்துக்கு, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி சொல்வது, நீங்களே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்பிய பணத்துக்குப் பொருந்தாது.

ஆறாம் படி: காஷன் டெபாசிட்

கிளம்பும் அவசரத்தில் மறந்துபோவது இந்தத் தொகைதான். நுழைந்த உடனே, ஏற்கெனவே உடைந்த கண்ணாடி, கறை படிந்த மெத்தை, கீறல் விழுந்த டிவி ஆகியவற்றைப் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். அந்தச் செய்தியில் தேதியும் நேரமும் தாமாகவே பதிந்துவிடும். கிளம்பும் நாளில், சாவியைக் கொடுப்பதற்கு அரை மணி முன்பே காவல்காரரை வரவழைத்து வீட்டைக் காட்டுங்கள். “ஓனர் சாயங்காலம் போட்டுவிடுவார்” என்று அவர் சொன்னால், அங்கிருந்தே உரிமையாளரை அழைத்துப் பேசி, தொகை கணக்கில் வந்துவிட்டது என்ற செய்தி உங்கள் வங்கியிலிருந்து வந்த பிறகு சாவியைக் கொடுங்கள். உரிமையாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். மலை இறங்கி வத்தலக்குண்டு தாண்டிய பிறகு மூவாயிரம் ரூபாய்க்காக அழைக்கும் அழைப்பை எடுப்பவர்கள் குறைவு.